ஐம்பத்தெட்டு முறை நேரில் சரிபார்த்தவர்

பூந்தமல்லி பஷீருதீன் தம் செல்பேசியை ஒரு பெரிய கம்பெனியின் பிடியிலிருந்து மீட்டெடுத்த போராட்டம் எப்போது தொடங்கியது என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஜூன் இரண்டாம் தேதி, திங்கட்கிழமை, காலை ஏழே கால். அவர் குளித்துக்கொண்டிருந்தார். செல்பேசி சாப்பாட்டு மேசையில் கிடந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அவர் மனைவி நசீம் பானு சர்க்கரை பார்க்கும் கருவிக்குப் புது ஊசி மாட்டிக்கொண்டிருந்தார்.

செல்பேசி ஒரு முறை சிணுங்கியது. யாரும் கேட்காமலேயே மாதா மாதம் கணக்கு ஒப்புவிக்கிற பழக்கம் அதற்கு உண்டு. "உங்கள் மே மாதம் எப்படி இருந்தது?" என்று தலைப்புப் போட்டு, பஷீருதீன் அதிகம் சென்ற இடங்களை அது வரிசைப்படுத்தியிருந்தது. ஒன்று, வீடு. இரண்டு, வேலை. மூன்று, ஜுல்ஃபி பரோட்டா ஸ்டால், வானகரம். பத்தொன்பது முறை, சராசரியாக நாற்பது நிமிடம். அடியில் பலூன் பறக்கும் படம் ஒன்றும் இருந்தது.

இந்த இடத்தில் ஒரு மருத்துவக் குறிப்பு தேவைப்படுகிறது. பிப்ரவரியில் பஷீருதீனுக்குச் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை இருநூற்று எண்பத்தாறு. அன்றைக்கே, டாக்டர் எதிரில், பரோட்டாவை இனித் தொடுவதில்லை என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார். வயது ஐம்பத்து மூன்று. அம்பத்தூர் எஸ்டேட்டில் லாரிக்கு போல்ட்டு செய்யும் கம்பெனியில் இருபத்தேழு வருஷமாகத் தர ஆய்வாளர். அவர் கொடுக்கும் வாக்குக்கு அங்கே மதிப்பு அதிகம்.

குளித்துவிட்டு வந்தவரிடம் நசீம் பானு போனை நீட்டினார்.

"என்னங்க இது?"

பஷீருதீன் படித்தார். இரண்டாவது முறையும் படித்தார். "அது வானகரம் சிக்னல்" என்றார். "வண்டி அங்க நிக்குதில்ல. பக்கத்துல கடை. போன் குழம்பிப்போயிருக்கு."

"நாப்பது நிமிஷம் சிக்னல்ல நின்னீங்களா?"

"நீதான் வந்து பாரேன் அந்த சிக்னல."

நசீம் பானு யோசித்தார். அந்தச் சிக்னலை அவரும் அறிவார். ஒருமுறை வானகரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய், நிக்காஹ் முடிந்து பிரியாணி ஆறின பிறகுதான் மண்டபத்துக்குள் நுழைய முடிந்தது. ஆகவே சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கே போனது. ஆனால் தீர்ப்பில் ஒரு வரி கூடுதலாக இருந்தது.

"இன்னொரு தடவ இப்படி ஏதாவது என் கண்ணுல பட்டுச்சு, வண்டிச் சாவி என் கைக்கு வந்துடும். கம்பெனி பஸ்ஸுல போய்ட்டு பஸ்ஸுல வாங்க."

பஷீருதீனுக்கு இது சாதாரண மிரட்டலாகப் படவில்லை. கம்பெனி ஐந்தரை மணி வரை அவரைக் கேள்வி கேட்கும். ஏழு மணிக்கு மேல் வீடு கேட்கும். நடுவில், வானகரத்தில் ஒரு ஸ்டூலில், இரண்டு பரோட்டாவோடு உட்கார்ந்திருக்கிற நாற்பது நிமிடத்தில் மட்டும்தான் அவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. கடைக்காரர் ஜுல்ஃபிகர்கூடக் கேட்பதில்லை, பார்த்ததும் தட்டை வைத்துவிடுவார். கம்பெனி பஸ் அந்தக் கடை வாசலில் நிற்காது. அது எஸ்டேட்டில் ஆளை ஏற்றினால் பூந்தமல்லியில்தான் இறக்கும்.

மறுநாள் மத்தியானம் கேண்டீனில் எத்திராஜிடம் விஷயத்தைச் சொன்னார். எத்திராஜ் சி.என்.சி. மெஷின் ஓட்டுபவர், திருமுல்லைவாயில்காரர். மாலை வேளைகளில் பக்கத்து ஸ்டூல் அவருடையது.

"போன வீசிட்டு பட்டன் போன் வாங்கிக்கோ பாய்" என்றார் எத்திராஜ்.

"மேனேஜர் படம் அனுப்புறாரே. ரிஜெக்ட் ஆன போல்ட்ட பட்டன் போன்ல எப்படிப் பாக்கறது?"

"அப்போ ஒண்ணு பண்ணு. எங்க தெரு முனை ஃபிளாட்டுல ஒரு பொண்ணு கீது. கம்ப்யூட்டர் கம்பெனி. ஞாயித்துக்கெழம ஆனா நாலு பேர ஒக்காரவெச்சு போனுக்குப் பேயோட்டுது. இட்டுகினு போறேன், வா."

அந்தப் பெண்ணின் பெயர் நிவேதிதா. சொந்த ஊர் கோயம்புத்தூர். யாரும் எடுத்துத் திருத்திக்கொள்ளக்கூடிய கட்டற்ற மென்பொருளுக்கென வட்டம் ஒன்றைத் திருமுல்லைவாயிலில் நிறுவி, அதை நான்கு ஆண்டுகளாகக் கட்டிக்காத்து வந்தார். உறுப்பினர் ஏழு பேர். ஃபிளாட்டின் சங்கக் கூடத்தில், பழைய டேபிள் டென்னிஸ் மேசையைச் சுற்றி ஞாயிறு பத்து மணிக்குக் கூடுவார்கள்.

"சொல்லுங்க சார். எதுக்காக மாத்தணும்னு நினைக்கறீங்க?"

வழக்கமாக இந்தக் கேள்விக்கு வருகிறவர்கள் தனியுரிமை, தரவுச் சுரண்டல் என்று அரை மணி நேரம் பேசுவார்கள். பஷீருதீன் இரண்டு வார்த்தையில் முடித்தார்.

"கோள் சொல்லுதும்மா."

நிவேதிதா தம் நோட்டுப் புத்தகத்தை எடுத்து அதை எழுதிக்கொண்டார்.

அறுவை சிகிச்சை மூன்று மணி நேரம் நடந்தது. போன் கம்பெனி கொடுத்த இயங்குதளம் அடியோடு பிடுங்கப்பட்டு, உலகத்தில் யார் யாரோ சேர்ந்து எழுதி இலவசமாக விட்டிருக்கும் ஒன்று உள்ளே வைக்கப்பட்டது. மின்மடலுக்கு வேறு, தேடலுக்கு வேறு, விசைப்பலகைக்கு வேறு, நாட்காட்டிக்கு வேறு என்று ஒவ்வொன்றாக மாறின. எல்லாம் முடிந்து போனை இயக்கியபோது திரை கறுப்பாக, படமில்லாமல், துக்க வீடுபோல இருந்தது. "இது இனி உங்களப் பத்தி யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லாதுங்க சார்" என்றார் நிவேதிதா. பஷீருதீன் அதை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டார்.

சுதந்திரத்துக்கு விலை உண்டு என்று சொல்வார்கள். வங்கிச் செயலி திறந்ததும், "இந்தக் கருவி நம்பத்தக்கதல்ல" என்று சொல்லித் தானாக மூடிக்கொண்டது. ஆகவே பரோட்டாவுக்குக் கையில் காசு கொடுக்க வேண்டி வந்தது. தடயம் எதுவும் மிஞ்சாது என்பதால் இதில் அவருக்குத் துளியும் வருத்தமில்லை. பழைய அரட்டைச் செயலி போய்க் கட்டற்ற அரட்டைச் செயலி வந்தது. அதில் அவருக்குத் தெரிந்தவர் நிவேதிதா ஒருவரே. வருஷா வருஷம் இருநூறு பேருக்கு அனுப்பும் சுதந்திர தின வாழ்த்தை அந்த ஆண்டு அவர் ஒருவருக்கு அனுப்பினார். அவரும் பதில் வாழ்த்து அனுப்பினார்.

"அந்த ஆப்புல மொத்தம் எத்தினி பேரு கீறாங்க பாய்?" என்றார் எத்திராஜ்.

"ரெண்டு."

"அட்மின் யாரு?"

போன் மாறிய மூன்றாம் நாளே நசீம் பானுவின் தம்பி அழைத்தார். மாமாவிடமிருந்து பூங்கொத்துப் போட்ட குட்மார்னிங் வரவில்லையே, உடம்புக்கு ஏதாவதா என்று விசாரித்தார். நசீம் பானு, உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, புத்தியும் கொஞ்சம் தேறி வருகிறது என்று தெரிவித்தார். ஜூலை முதல் தேதி பிறந்தது. எந்த மாதக் கணக்கும் வரவில்லை. இரண்டாம் தேதியும் வரவில்லை. பஷீருதீன் அன்று மூன்று பரோட்டா சாப்பிட்டார்.

சிக்கல் வரைபடத்தில் வந்தது.

புதிய போனில் இருந்த வரைபடமும் ஊரார் சேர்ந்து வரைந்ததே. ஐரோப்பாவில் மரத்துக்கு மரம் குறித்திருந்தார்கள். வானகரத்திலிருந்து அத்திப்பட்டு வரை மட்டும் வெறும் கோடுகள். ஜுல்ஃபி கடை இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறம். பஷீருதீன் இதை அடுத்த ஞாயிறு புகாராகச் சொன்னார்.

"தப்பு இருந்தா நீங்களே திருத்தலாங்க சார்" என்றார் நிவேதிதா. "யார் வேணாலும் திருத்தலாம். நம்ம வட்டத்துல ஒரே ஒரு விதிதான். எடுத்துக்கிட்டா, ஏதாவது திருப்பிக் குடுக்கணும்."

இருபத்தேழு வருஷமாகப் பஷீருதீனுக்கு இருந்தது நிராகரிக்கும் உரிமை மட்டுமே. போல்ட்டு சரியில்லை என்றால் சிவப்புத் தொட்டியில் போடலாம், திருத்த முடியாது. இப்போது ஒருவர் ஊரையே அவர் கையில் கொடுத்துத் திருத்தச் சொல்கிறார். அந்த வாரமே எஸ்டேட்டின் கேட்டுகளையும், அத்திப்பட்டு பஸ் நிறுத்தங்களையும், பூந்தமல்லியில் தம் தெருவின் கைப்பம்பையும் ஏற்றினார். ஜூலை ஏழாம் தேதி மாலை ஜுல்ஃபி பரோட்டா ஸ்டாலையும் ஏற்றினார்.

படிவத்தில் நிறையக் கட்டங்கள் இருந்தன. பெரும்பாலோர் பெயரைப் போட்டுவிட்டு மற்றதைக் காலியாக விடுவார்கள். தர ஆய்வாளர் காலிக் கட்டம் விடமாட்டார். திறக்கும் நேரம், மாலை ஐந்து. மூடும் நேரம், பதினொன்று. இருக்கை, வெளியே எட்டு ஸ்டூல், அதில் ஒன்று ஆடும். கடைசியாக நேரில் சரிபார்த்த தேதி என்று ஒரு கட்டம் இருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது. தேதி பழசானால் அறிக்கை செல்லாது என்பது எஸ்டேட் சட்டம். ஆகவே தினம் சரிபார்க்க வேண்டியதாயிற்று. மே மாதம் விட்டு விட்டுப் போனவர், இப்போது கடமை கருதித் தவறாமல் போனார். சாப்பிட்டுக் கை கழுவி, வண்டியை எடுக்குமுன் அன்றைய தேதியைப் போட்டு, குறிப்புக் கட்டத்தில் இரண்டு வரி எழுதினார்.

"ஜூலை 8. கடை திறந்திருந்தது. சால்னா போதிய கெட்டி."

"ஜூலை 9. சால்னா நீர்த்திருந்தது. கடைக்காரரிடம் தெரிவிக்கப்பட்டது."

"ஜூலை 10. குறை களையப்பட்டது."

"ஜூலை 21. பரோட்டா விட்டம் 14.2 செ.மீ. சனிக்கிழமை 15.1. மாவு உருட்டுபவர் புதியவர்."

இந்த அளவுகள் கண் மதிப்பல்ல. சட்டைப் பையில் போல்ட்டு அளக்கும் வெர்னியர் இருந்தது.

"இன்னா பாய், துன்ற பொருள இஞ்ச் டேப்பு வெச்சு அளந்துகினு கீற" என்றார் எத்திராஜ்.

"இது இஞ்ச் டேப்பா?" என்றார் பஷீருதீன் மனம் புண்பட்டு.

இவ்வளவையும் சொந்தப் பெயரில் கையெழுத்திட்டு எழுதுகிறவருக்கு, அதை யாராவது படித்துவிடுவார்களே என்று ஏன் தோன்றவில்லை என்று கேட்கலாம். அதற்குக் காரணம் அம்பத்தூர் எஸ்டேட். அங்கே இருபத்தேழு வருஷமாகத் தினம் பதினான்கு ஆய்வறிக்கை எழுதியிருக்கிறார். எல்லாவற்றிலும் தேதி, நேரம், கையெழுத்து உண்டு. எல்லாம் கோப்புக்குள் போய், கோப்பு பீரோவுக்குள் போகும். 2009ஆம் ஆண்டு ஒரு சோதனையாக, குறிப்புக் கட்டத்தில், "இதைப் படிப்பவர் என்னை வந்து பார்த்தால் டீயும் பட்டர் பிஸ்கட்டும் வாங்கித் தரப்படும்" என்று எழுதிவைத்தார். இன்று வரை ஒருவரும் வரவில்லை. ஆகவே ஒரு விஷயத்தை யாரும் அறியாமல் மறைத்துவைக்கச் சிறந்த வழி அதை முறைப்படி எழுதிக் கையெழுத்திடுவதுதான் என்பது அவர் அனுபவத்தில் கண்ட உண்மை.

ஆகஸ்டில் சர்க்கரை இருநூற்று நாற்பத்தொன்றாக இறங்கியது. பஸ் நிறுத்தம் எண்ணிக்கொண்டு வெயிலில் நடந்ததன் பலன். நசீம் பானு அதை வெந்தயத் தண்ணீருக்கு வரவு வைத்தார். வீட்டில் அமைதி நிலவியது.

செப்டம்பர் இரண்டாம் வாரம் கட்டற்ற அரட்டைச் செயலியில், மொத்தமிருந்த இரண்டு பேரில் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குச் செய்தி வந்தது. இந்தக் காலாண்டில் மேற்குப் புறநகரில் மிக அதிகமாக வரைபடத்தைத் திருத்தியவர் பஷீருதீன் சார்; ஞாயிற்றுக்கிழமை பொன்னாடை போர்த்துகிறோம்; குடும்பத்தோடு வரவும்.

ஆறு கோடி போல்ட்டு அளந்தவருக்கு அதுவரை யாரும் ஒரு துண்டுகூடப் போர்த்தியதில்லை. நசீம் பானுவிடம் செய்தியை இரண்டு முறை படித்துக் காட்டினார். நசீம் பானு கல்யாணத்துக்கு மட்டும் எடுக்கும் கைப்பையை அலமாரியிலிருந்து எடுத்தார்.

சங்கக் கூடத்தில் முப்பது நாற்காலி போட்டிருந்தார்கள், வந்திருந்தவர்கள் பதினொரு பேர். எத்திராஜ் சமோசாவுக்காக வந்திருந்தார். நிவேதிதா பொன்னாடையைப் போர்த்தினார். கைதட்டல் அடங்கியதும், "சாரோட உழைப்ப வெறும் வார்த்தையில சொன்னா பத்தாதுங்க. வரைபடத்துல யார் எப்ப என்ன மாத்தினாலும் பதிவாகும். அத யார் வேணாலும் பாக்கலாம். கட்டற்றதோட அழகே அதுதான்" என்று சொல்லிச் சுவரில் படத்தைப் போட்டார்.

சுவர் நிறைய வரிகள் விழுந்தன. ஒவ்வொரு வரியின் முனையிலும் பஷீருதீன் பெயர் இருந்தது.

"ஒரே ஒரு இடத்த மட்டும் உதாரணத்துக்கு எடுத்துக்கறேன். ஜுல்ஃபி பரோட்டா ஸ்டால், வானகரம். ஐம்பத்தெட்டு முறை நேர்ல போய் சரிபார்த்திருக்கார். ஜூலை ஏழாம் தேதியிலருந்து நேத்து வரைக்கும், ஞாயிறு தவிர ரெண்டே நாள்தான் லீவு. சுதந்திர தினம், மிலாது நபி. இப்படி ஒரு பதிவு நாட்டுலயே இருக்குமான்னு எனக்குச் சந்தேகம்."

கைதட்டினார்கள். எத்திராஜ் முன்னால் குனிந்து பஷீருதீனின் காதோரம் வந்தார். "இன்னா பாய், பொன்னாட போத்தி சார்ஜ் ஷீட்டு படிக்குது இந்தப் பொண்ணு."

பஷீருதீன் பக்கத்து நாற்காலியைப் பார்க்கவில்லை. நசீம் பானு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுவரை மேலிருந்து கீழாக, ஒரு வரி விடாமல் படித்துக்கொண்டிருந்தார். தாம் எழுதிய அறிக்கையை ஒருவர் முழுவதுமாகப் படிப்பதைப் பஷீருதீன் வாழ்க்கையில் முதன்முறையாகக் கண்டார்.

"சாரோட வெற்றிக்குப் பின்னால இருக்கற மேடமும் ரெண்டு வார்த்த பேசணும்" என்றார் நிவேதிதா.

நசீம் பானு எழுந்தார்.

"இவரு ஒரு வேலைய எடுத்துக்கிட்டா அரைகுறையா விடமாட்டாரு" என்றார். "அது கல்யாணம் ஆன நாள்லருந்தே தெரியும். எனக்கு ஒரே ஒரு சந்தேகம். கடை இருக்குதான்னு சரிபாக்கறதுக்கு உள்ள போய் சாப்பிடணுமா?"

"இல்லைங்க மேடம். ரோட்டுலருந்து பாத்தாலே போதும்."

"அப்ப சரி" என்று உட்கார்ந்தார். அன்றைய நிகழ்ச்சியில் அதிகக் கைதட்டல் வாங்கிய பேச்சு இதுவே.

சமோசா வேளையில், கணக்கு இல்லாத ஆளைப் பார்த்தால் பொறுக்காத நிவேதிதா, நசீம் பானுவின் போனிலும் வரைபடத்தை ஏற்றி, அவர் பெயரில் கணக்கு ஒன்றைத் திறந்து, எப்படித் திருத்துவது என்று காட்டிக் கொடுத்தார். நசீம் பானு இரண்டு கேள்வி கேட்டு நன்றாகவே கற்றுக்கொண்டார்.

வண்டி பூந்தமல்லி வந்து சேர்ந்தது. வாசலில் இறங்கியதும் நசீம் பானு கையை நீட்டினார். பஷீருதீன் சாவியை வைத்தார். பொன்னாடை தோளிலேயே இருந்தது.

திங்கட்கிழமை முதல் கம்பெனி பஸ். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வானகரத்தில் கடை வந்தது, ஸ்டூல்கள் வந்தன, எத்திராஜ் ஒருவர் மட்டும் வாயில் எதையோ மென்றுகொண்டே கையசைத்தார், கடை போனது. செவ்வாயும் அப்படியே. எத்திராஜ் தினமும் காலையில் முந்தின நாள் சால்னா நிலவரத்தைச் சொன்னார். பஷீருதீன் அதைக் கேட்டுக்கொண்டாரே தவிர வரைபடத்தில் ஏற்றவில்லை. பிறர் பார்த்ததற்குத் தாம் கையெழுத்திட முடியாது. "கடைசியாகச் சரிபார்த்தது: செப்டம்பர் 13" என்ற வரி அப்படியே நின்றது. பரோட்டா இல்லாமல் இருக்க அவரால் முடிந்தது. அந்தத் தேதி பழசாகிக்கொண்டே போவதைத்தான் பார்க்க முடியவில்லை.

ஒன்பதாம் நாள், செவ்வாய் மாலை, பஸ்ஸில் போன் சிணுங்கியது. அவர் பதிந்த இடம் ஒன்றில் யாரோ மாற்றம் செய்திருந்தார்கள். திறந்து பார்த்தார்.

"செப்டம்பர் 23, மாலை 5.10. நேரில் பார்த்தது. இந்தக் கடையில் கோதுமைச் சப்பாத்தியும் உண்டு. எண்ணெய் இல்லாமல் கேட்டால் தருவார்கள். முந்தைய ஐம்பத்தெட்டு அறிக்கையிலும் இந்தத் தகவல் விடுபட்டுள்ளது. - நசீம் பானு."

பஷீருதீன் வானகரத்திலிருந்து பூந்தமல்லி வரை அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு வந்தார். மாற்றத்தை நீக்கும் உரிமை அவருக்கு உண்டு. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஆனால் தகவல் சரியானது. அந்தக் கடையில் சப்பாத்தி உண்டு. கல்லின் ஓரத்தில், டாக்டர் பத்தியம் சொன்னவர்களுக்கென்று ஜுல்ஃபிகர் போட்டுவைப்பார். ஒரு தர ஆய்வாளர் இரண்டரை மாதம் அதைப் பார்த்தும் பதியாமல் விட்டிருக்கிறார்.

வீட்டில் சாப்பாட்டு மேசையில் வண்டிச் சாவி இருந்தது.

"ரெண்டு சப்பாத்தி" என்றார் நசீம் பானு, தலை நிமிராமல். "சால்னா ஒரு கரண்டி."

"எப்படிப் போன அவ்ளோ தூரம்?"

"ஷேர் ஆட்டோ. சிக்னல்ல நாலு நிமிஷம்கூட நிக்கல."

பஷீருதீன் சாவியை எடுத்துக்கொண்டார்.

புதன்கிழமை ஆறு மணிக்கு ஸ்டூலில் உட்கார்ந்தபோது எத்திராஜ் தம் நாலாவது பரோட்டாவில் இருந்தார். ஜுல்ஃபிகர் எதுவும் கேட்காமல் இரண்டு சப்பாத்தியை வைத்தார். ஒரு கரண்டி சால்னா ஊற்றினார். கரண்டியை வைத்துவிட்டு, கையைத் துண்டில் துடைத்து, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். அது போன் கம்பெனி கொடுத்தபடியே இருந்தது. யாரும் அதை விடுவித்திருக்கவில்லை.

"அக்கா, வந்துட்டாருக்கா. ரெண்டுதான் வெச்சிருக்கேன். ஆமாக்கா, எண்ணெ இல்லாமத்தான். எதிர்லதான் ஒக்காந்திருக்காரு, இந்தாங்க" என்று சொல்லிப் போனைப் பஷீருதீனிடம் நீட்டினார்.